அன்பளிப்பு: விபின், மஸ்கட்

ஏசி சரியில்லை என்று கூப்பிட்டால் மற்ற மெக்கானிக்குகள் செருப்பைக் கழற்றும்போதே, "கேஸ் கொறஞ்சிருக்கும், அடிக்கணும்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எட்சன் அப்படியில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, காற்று வரும் வாயில் ஒரு துண்டு மெல்லிய காகிதத்தைப் பிடிப்பான். காகிதம் படபடவென்று அடித்தால் சரி. சோம்பலாக ஆடினால், "இது கேஸ் இல்ல, ப்ளோயராக்கும்" என்று சொல்லிவிட்டு மூடியைக் கழற்றுவான். ப்ளோயர் என்பது ஏசியின் உள்ளே படுக்கை வாட்டத்தில் கிடக்கும் நீள உருளை விசிறி. அதன் மெல்லிய இதழ்களுக்கு நடுவில் தூசி அடைத்துக்கொண்டால் மெஷின் ஓடும், சத்தம் வரும், கரண்டு பில்லும் வரும், காற்று மட்டும் வராது. எட்சன் அதை விரலால் சுற்றிப் பார்ப்பான். அது மாட்டிச் சுழலும் ஓரத்துப் புஷ்ஷில் கரகரப்பு உண்டா என்று காது வைத்துக் கேட்பான். வீட்டுக்காரரையும் ஸ்டூலில் ஏற்றி, டார்ச் அடித்து அழுக்கைக் காட்டுவான். அதற்குப் பிறகுதான் கழுவத் தொடங்குவான்.

தக்கலை சுற்றுவட்டாரத்தில், "எட்சன் கேஸ்னு சொன்னா கேஸ்தான்" என்று ஒரு பேச்சு உண்டு. பதினான்கு வருடத்தில் அவன் உருப்படியாகச் சம்பாதித்தது அந்தப் பேச்சு ஒன்றைத்தான். வீட்டின் வெளிச்சுவர் இன்னும் பூசாமல் கிடக்கிறது. பேச்சு வீடு பூசித் தராது என்று அவன் மனைவி ரெஜிலா சொல்வதுண்டு. ஆனாலும் சந்தைக்குப் போனால், "நம்ம எட்சனுக்க பெண்டாட்டி" என்று மீன்காரி இரண்டு சாளை கூடுதலாகப் போடும்போது ரெஜிலாவுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு ஏசியின் விஷயத்தில் பொய் சொன்னான். அந்த ஏசியில் ஒரு பெயர் ஒட்டியிருந்தது, அதுதான் காரணம்.

நம் பக்கத்துச் சபைகளில் பெயர் இல்லாத பொருள் கிடையாது. ஃபேன் இறக்கையில் பெயர், பெஞ்சின் முதுகில் பெயர், சுவர்க் கடிகாரத்தில் பெயர், குடிதண்ணீர் டிரம்மில் பெயர். தரை மட்டும்தான் பெயரில்லாமல் கிடந்தது. போன வருடம் டைல்ஸ் போட்டபோது அதன் மூலையிலும் ஒரு கல் பதித்துவிட்டார்கள். கொடுப்பவனின் வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று போதகர் வருடத்துக்கு ஒருமுறை பிரசங்கம் செய்வார். அந்த மைக்கிலும் ஒரு பெயர் உண்டு.

இரண்டு வருடம் முன்பு போதகர் சத்தியநேசனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. வெயிலில் வேர்த்துக் கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்தி மஸ்கட்டுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் போதகர் வீட்டுக்கு ஏசி வந்து இறங்கிவிட்டது. அதன் நெற்றியில் தங்க நிற எழுத்தில் ஒரு தகடு: அன்பளிப்பு: விபின், மஸ்கட்.

சுவரைத் துளைத்தது எட்சன். குழாய் இழுத்தது, வெளி யூனிட்டைச் சன்ஷேடில் தூக்கி வைத்தது, மாலை ஐந்து மணிக்குக் குளிர் வரவைத்தது எல்லாம் எட்சன். கூலி வாங்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸும் தன் காணிக்கை என்று சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் நடந்த பிரதிஷ்டை ஜெபத்தில் போதகர் விபினின் பெயரை மூன்று முறை சொன்னார். விபினின் மனைவி மக்களுக்காகவும், அவன் கம்பெனிக்காகவும், கடல் கடந்து போன அவன் உழைப்புக்காகவும் மன்றாடினார். கடைசியில், "இதைப் பொருத்தித் தந்த சகோதரனையும் ஆசீர்வதியும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நின்ற எட்சனுக்கு அந்த இடத்தில் வயிறு எரிந்தது. சகோதரனுக்குப் பெயர் இல்லையா? ஞானஸ்நானம் கொடுத்து எட்சன் என்று பெயர் வைத்ததே இந்தச் சபைதானே?

விபின் யாரோ எவனோ என்றால் இவ்வளவு எரிந்திருக்காது. இருவரும் ஒரே பெஞ்சில் இருந்து ஐடிஐ படித்தவர்கள். செம்புக் குழாயைப் பற்றவைக்க விபினுக்குக் கை நடுங்கும். பிராக்டிக்கல் பரீட்சையில் மாஸ்டர் வெளியே போன சமயம் பார்த்து அவனுடைய குழாயையும் சேர்த்துப் பற்றவைத்துக் கொடுத்தவன் எட்சன். இருவருக்கும் ஒன்றாகத்தான் மஸ்கட் விசா வந்தது. மெடிக்கலில் எட்சனின் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதோ ஒரு பழைய வடு தெரிந்தது. சின்ன வயதில் வந்த சளி, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. அன்ஃபிட் என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். விபின் விமானம் ஏறினான், இப்போது அங்கே ஃபோர்மேன், கீழே இருபது பேர். லீவில் வந்தால் அவன் காரிலிருந்து இறங்கும் முன் நாற்காலி போடுகிறார்கள். அந்த நாற்காலி தன்னுடையது என்று எட்சன் நினைத்தான். அதைப் பொறாமை என்று அவன் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. நியாயம் கேட்கிறேன் என்றுதான் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தான்.

நியாயம் கேட்கிறவன் என்ன செய்தான்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதகர் வீட்டுக்குப் போனான். தகட்டைப் பார்த்தான். ஃபில்டர் வலையை மட்டும் உருவிக் குழாயடியில் கழுவி மாட்டிவிட்டு வந்தான். ப்ளோயரைத் திறந்து பார்க்கவில்லை. முதல் தடவை நேரமில்லை என்று நினைத்துக்கொண்டான். இரண்டாம் தடவை, 'அவனுக்க மெஷினுக்கு நான் என்னத்துக்கு முதுகு ஒடியணும்?' என்று தெளிவாகவே நினைத்தான். மூன்றாம் தடவை ஒன்றுமே நினைக்கவில்லை. நாலுவழிச் சாலைக்கு மண் அடிக்கும் லாரிகள் போதகர் வீட்டு வாசல் வழியாகத்தான் இரவும் பகலும் ஓடின.

இந்த ஏப்ரலில் போதகரின் மனைவி நேசபாய் போன் செய்தாள். "எட்சா, ஏசி தண்ணி ஒழுகுது. காத்தே இல்ல. ஐயருக்கு ராத்திரி முழுக்க வேர்வை. ஒண்ணு வந்து பாரு மக்கா." கணவரை அவள் ஐயர் என்றுதான் சொல்வாள்.

அவன் போனபோது சபைச் செயலர் ஞானையன் அங்கே இருந்தார். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், எதையும் இரண்டு முறை கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளும் மனுஷர். எட்சன் ஸ்டூலில் ஏறிக் காகிதத்தைப் பிடித்தான். அது அசையவேயில்லை என்று சொல்லலாம். மூடியைத் தூக்கினால், குளிர் தரும் குழாய்ச் சுருளான காயில் முழுக்க வெள்ளை வெளேரென்று ஐஸ். டார்ச் அடித்தான். ப்ளோயரின் இதழ்களுக்கு நடுவே விரல் கனத்துக்கு அழுக்கு, சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி அடைந்து கிடந்தது. ஒன்றரை மணி நேர வேலை. கழற்றிக் கழுவி மாட்டினால் புது மெஷின். அது மட்டுமல்ல, இது தன் குற்றம் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. ஞானையனை ஸ்டூலில் ஏற்றிக் காட்டும் வழக்கத்தை அன்று மறந்தவன் போல இருந்தான்.

'ப்ளோயர்தான் அம்மா, இப்ப சரியாக்கித் தாறேன்' என்று வாய்வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நேசபாய் சொன்னாள்: "போன ஞாயிறும் விபின் போன் பண்ணினான். 'எனக்க ஏசி நல்லா ஓடுதா அம்மா'ன்னு கேட்டான். பாவம், அவ்வளவு தூரத்தில இருந்தும் எப்பவும் இதே நெனப்பு."

எனக்க ஏசி.

எட்சன் ஸ்டூலை விட்டு இறங்கினான். வெளியே போய், பதினான்கு வருடமாகக் கடைசியில் மட்டும் எடுக்கும், கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை முதலில் எடுத்து வெளி யூனிட்டில் மாட்டினான். காற்று ஓடாமல் காயில் உறைந்து கிடந்தால் கேஜ் முள் தாழ்ந்துதான் நிற்கும். கேஸ் குறைந்தாலும் அப்படியேதான் நிற்கும். எது என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் ப்ளோயரைப் பார்ப்பது. இத்தனை வருடம் அவன் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடம் இது. அவன் ஞானையனைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினான்.

"சார், கேஸ் போயிட்டு. காயிலுல லீக்கு. இது மட்டமான காயில், ரெண்டு வருசத்துக்கு மேல தாங்காது. மாத்தினாலும் புதுசு வாங்குற ரூவா ஆயிரும். இத இனி பாக்காண்டாம்."

"நல்லாப் பாத்தியா டே?"

"பாத்தேன் சார்."

ஞானையன் இரண்டாம் முறை கேட்கவில்லை. எட்சன் கேஸ் என்றால் கேஸ்தான். "விபின் ஏதோ மலிவில வாங்கி விட்டுட்டான் போலிருக்கு" என்று நாக்கைச் சப்புக் கொட்டினார். அந்தச் சப்புக்கொட்டல் எட்சனுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. நேசபாய் கொண்டுவந்து வைத்த பலாச்சுளையை எட்டு, பத்து என்று தின்றான். வீட்டுக்குப் போகிற வழியில் பைக்கில் கீர்த்தனை முணுமுணுத்தான். போதகர் ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். புதிது வாங்க எப்படியும் கமிட்டி கூடித் தீர்மானம் போடும், நாமே நல்ல கம்பெனியாகப் பார்த்துச் சொல்லலாம் என்று சமாதானம் செய்துகொண்டான்.

கமிட்டி கூடவில்லை. ஞானையன் மஸ்கட்டுக்குப் போன் போட்டார். பத்தாம் நாள் அடுத்த ஏசி வந்து இறங்கியது. முந்தினதைவிடப் பெரியது, இன்வெர்ட்டர் வைத்தது. தகடும் பெரியது. இதில் விபினின் பெயரோடு அவன் மனைவி பெயரும் பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரும் இருந்தன. பொருத்துவதற்கு எட்சனைத்தான் கூப்பிட்டார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைத் துளைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், முதல் ஏசி பழுதானதும் மனம் சோராமல் இரண்டாவதும் தந்த சகோதரனுக்காக விசேஷித்த ஜெபம் நடந்தது. ஒரு ஏசியோடு முடிந்திருக்க வேண்டிய புகழை எட்சன் தன் கையாலேயே இரண்டாக்கிக் கொடுத்திருந்தான். அன்று மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ரெஜிலா பித்தமா என்று கேட்டு இஞ்சி தட்டிக் கஷாயம் போட்டாள்.

பழைய ஏசியை உள் யூனிட், வெளி யூனிட் இரண்டையும் சேர்த்துப் போதகர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே போட்டு வைத்தார்கள். அதை எட்சன் மறந்தே போனான்.

மே மாதம் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்துப் பந்தலில் ஏலம் நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள்: ஏத்தங்குலை, பலாப்பழம், மரச்சீனி, காச்சில், தேங்காய், கால் கட்டிய கோழி. ஏலத்தில் பொருளின் விலைக்கு மதிப்பில்லை, கேட்கிறவனின் வீம்புக்குத்தான் மதிப்பு. ஒரே ஒரு கோழிமுட்டை ஒரு ஆட்டின் விலைக்குப் போன வருடமும் உண்டு. இந்த வருடம் விபின் லீவில் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, வாசனை, முன்வரிசை நாற்காலி. முட்டையை அவன்தான் எடுத்தான். எடுத்துவிட்டு, "திரும்ப ஏலம் போடுங்க சார், கோயிலுக்கு இருக்கட்டு" என்றான். பெண்கள் பக்கத்திலிருந்துகூடக் கைதட்டல் வந்தது. பின்னால் தூணோரம் நின்ற எட்சன் கைதட்டவில்லை. கையில் ஒரு பலாப்பழத்தை ஏந்திக்கொண்டு நின்றது வசதியாகப் போயிற்று.

ஏலம் விட்டது ஞானையன். குலைகள் முடிந்ததும், "அடுத்தாப்ல ஒரு ஏசி" என்றார். கூட்டம் சிரித்தது. "கேஸ் போனது. ஓடாது. நம்ம எட்சன் பாத்துச் சொன்னது, அதனால சந்தேகம் வேண்டாம். செம்புக்கு வேண்டி ஆராவது எடுக்கலாம்." பழைய இரும்பு, செம்பு வாங்கும் ஆக்கர்க்கடை பொன்னுலிங்கம் இதற்காகவே வந்து நின்றிருந்தார். ஒரு விலை சொன்னார்.

அப்போது பெண்கள் பக்கம் ஒரு கை உயர்ந்தது. ரெஜிலாவின் கை.

எட்சன் பலாப்பழத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல், அதை நெஞ்சோடு அணைத்தபடி தலையை ஆட்டினான், வேண்டாம், வேண்டாம். ரெஜிலா அவனைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கணக்கு அவளுக்கு. ஊர்முழுக்கக் குளிர வைக்கிறவன் வீட்டில் ஏழு வயது மகள் கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்து சொறிந்துகொண்டு கிடக்கிறாள். 'ஏசி மெக்கானிக்குக்க வீட்டில ஏசி இல்லியா?' என்று கேட்காத பெண் அந்தப் பந்தலில் இல்லை. கேஸ் போனால் என்ன, காயில் போனால் என்ன? அவர் கை பட்டால் ஓடும் என்று அவள் நம்பினாள். அவளைப் போல அவன் தொழிலை நம்பியவர் வேறு யாரும் கிடையாது.

பொன்னுலிங்கம் இன்னொரு முறை கேட்டார். ரெஜிலா அதற்கு மேல் கேட்டாள். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்ற ஞானையன், மூன்றாம் தரத்துக்கு முன் சிரித்துக்கொண்டே எட்சனைத் தேடிப் பார்த்தார். "நோயப் பாத்த டாக்டருக்க வீட்டுக்கே போகட்டு" என்று மைக்கில் சொல்லி முடித்தார். எல்லாரும் சிரித்தார்கள், விபினும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எட்சன் மட்டும், சிரிக்கிற முகங்களில் எது சிரிக்காமல் யோசிக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. "உன்ன ஆரு கேட்டா? அது ஓடாது" என்றான். "நீங்க பாருங்க, ஓடும்" என்றாள். "லீக்குடீ, லீக்கு." "லீக்க அடைக்கத் தெரியாதா உங்களுக்கு?" நாளைக்குக் காலையில் அவள் மாட்டுத் தொழுவத்துக்குப் போகும் நேரத்தில் ப்ளோயரை உருவிக் கழுவிவிட வேண்டும், லீக்கை அடைத்தேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துப் படுத்தான். தூக்கம் வரவில்லை.

காலையில் ப்ளோயர் மூடியின் முதல் ஸ்க்ரூவைக் கழற்றும்போதே வாசலில் கார் வந்து நின்றது. விபின்.

"எங்கலே வச்சிருக்க மெஷின?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். "ராத்திரி முழுக்க அதே நெனப்பு மக்கா. ரெண்டு வருசத்தில காயில் போறதுன்னா என்ன அர்த்தம்? காயிலுக்கு அஞ்சு வருசம் வாரண்டி உண்டு. லீக்கு இருக்கிற எடத்த ஒரு போட்டோ எடுத்துத் தா, கம்பெனிக்காரன ஒருகை பாக்கேன். போதகர்கிட்டயும் சபைகிட்டயும் எனக்க மானம் போச்சில்லியா?"

"எடுத்து வைக்கேன். பிறவு வா" என்றான் எட்சன்.

"நானும் இந்தத் தொழிலுதானே டே." விபின் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குந்தினான். முற்றத்தில் கிடந்த உள் யூனிட்டின் மூடியைத் தூக்கினான். செல்போன் டார்ச்சை அடித்துக் காயிலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தான். லீக் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்க வேண்டும். அது எங்கும் இல்லை. அப்புறம் வெளிச்சத்தைக் காற்று வாய்க்குள் விட்டான். விரலை உள்ளே நுழைத்துச் சுற்றினான். ப்ளோயர் அரைச்சுற்று சுற்றி, ஒரு பிடி அழுக்கு அவன் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

அவன் தட்டிவிடவில்லை. எட்சனையும் பார்க்கவில்லை. ரெஜிலா காப்பித் தம்ளரோடு வருவதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மக்கா, ஏசி வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? நான் தரமாட்டேன்னா சொல்லுவேன்? பரீட்சையில நீ செஞ்சத நான் மறக்கல்ல. எதுக்கு டே இந்தக் குறுக்கு வழி?" தோளில் கையை வைத்தான். "செரி, விடு. பிள்ளைக்கு வேண்டி செஞ்சிருக்க. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டு. ஒருத்தருகிட்டயும் நான் பறைய மாட்டேன்."

தோளில் கிடந்த அந்தக் கை எட்சனுக்குத் தீயாகச் சுட்டது. தன்னைக் களவாணி என்று நினைத்ததுகூடப் பெரிதில்லை. மன்னிக்கிறானே! இனி ஒவ்வொரு லீவுக்கும் வந்து, ஒன்றும் தெரியாதவன் போல் இதே தோளில் இதே கையை வைப்பானே!

ரெஜிலாவின் காதில் எல்லாம் விழுந்திருந்தது. தம்ளரை வைத்த வேகத்தில் காப்பி தளும்பியது. "என்ன குறுக்கு வழி? எனக்க மாப்பிள்ள களவாணி இல்ல. நானாக்கும் ஏலத்தில கை தூக்கினேன். அவரு வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டினாரு, நாலுபேரு பாத்தாவ. வீட்டுக்கு வந்து எங்கிட்ட சண்டையும் போட்டாரு."

"அப்பம் கேஸ் போச்சுன்னு எதுக்குச் சொன்னான்?" விபின் எழுந்துகொண்டான். "இங்க பாரு, லீக்குமில்ல ஒண்ணுமில்ல. வெறும் அழுக்கு. ப்ளோயரக் கழுவினா தீந்துது. இத எட்சன் பாக்கல்லன்னு சொன்னா நாயி நம்புமா?"

ரெஜிலா குனிந்து பார்த்தாள். பதினோரு வருடம் ஏசிக்காரனோடு குடித்தனம் செய்தவள், அவளுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் எட்சனைப் பார்த்தார்கள். விபின் ஆறுதலாகப் பார்த்தான், ரெஜிலா பயந்துபோய்ப் பார்த்தாள்.

ஆமாம், மெஷினுக்கு ஆசைப்பட்டேன் என்று அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விபின் இன்னொரு தடவை தோளைத் தட்டிவிட்டுப் போயிருப்பான், விஷயம் அந்த முற்றத்தோடு முடிந்திருக்கும். எட்சனால் அது முடியவில்லை. இவன் கையிலிருந்து மன்னிப்பு வாங்குவதைவிட எதுவும் மேல் என்று தோன்றியது.

"எனக்கு உனக்க ஏசி வேண்டாம்ல" என்றான். "நான் ஒண்ணும் ஆசப்படல்ல. உனக்க பேரு அங்க இருக்கது எனக்குப் பொறுக்கல்ல. அவ்வளவுதான். சுவரு தொளச்சது நான், கழுவினது நான், ஜெபத்தில உனக்க பேரு. 'எனக்க ஏசி ஓடுதா'ன்னு நீ கேட்டியாம். அது ஓடப்பிடாதுன்னு இருந்து எனக்கு. அதான் சொன்னேன்."

பொறாமை என்ற வார்த்தையை அப்போதும் அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று.

விபின் உடனே கோபப்படவில்லை. சட்டையில் கிடந்த அழுக்கை அப்போதுதான் பார்த்தவன் போல் மெதுவாகத் தட்டினான்.

"ரெண்டு வருசமா ப்ளோயரத் தொடவேயில்ல, இல்லியா?"

எட்சன் ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்தான்.

"புதுசு வந்து சேர எத்தன நாளு ஆச்சு? பத்து. நெஞ்சக் கீறித் தச்ச மனுசன் பத்து நாளு வேர்த்துக் கெடந்தாரு. ஒன்றரை மணிக்கூர் வேலைக்கு." அவன் குரல் இப்போது உயர்ந்தது. "எனக்குச் செஞ்சிருந்தா நான் பொறுப்பேன் டே. கண்டவன்கிட்டயும் சொல்லாம விட்டிருப்பேன். இது எனக்குச் செஞ்சதா? போதகர்கிட்ட நான் சொல்லாம இருக்க மாட்டேன். ஞானையன் சார்கிட்டயும் சொல்லுவேன். இனி எந்த வீட்டுக்கு நீ போய் கேஸ்னு சொன்னாலும் அவிய தெரிஞ்சு வச்சிருக்கணும்."

கார் கிளம்பிப் போதகர் வீட்டுப் பக்கம் திரும்பியது. ஓடிப்போய் மறித்திருக்கலாம். எட்சன் போகவில்லை. வளைவு திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பதினான்கு வருடப் பேச்சு அந்தக் காரில் போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

ரெஜிலா முற்றத்தில் அசையாமல் நின்றாள். உள்ளே மகள் எழுந்து, "ஏசி போட்டாச்சா அப்பா?" என்று கேட்டாள். ரெஜிலா ஆறிப்போன காப்பித் தம்ளரை எடுத்துக் காப்பியை வாழை மரத்து மூட்டில் ஊற்றினாள். அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"இதுக்கு நீங்க களவாண்டிருந்தாக்கூட பரவாயில்ல. பிள்ளைக்கு வேண்டித்தான் செஞ்சாருன்னு நாலுபேருகிட்ட நான் தலை நிமிந்து சொல்லியிருப்பேன். இத நான் என்னன்னு சொல்ல?"